கூரை மேல் எறிந்த பல்

ஜூலை 8, திங்கள்

காலை 6.30 டிரைவிங் வகுப்பு, திலகா டீச்சர். கிளட்சை விடும்போது இன்னும் கண்ணை மூடுகிறார். 7.30 வெல்டிங் பட்டறை செய்யது. ரிவர்ஸ் தேறிவிட்டான். 8.30 ஆள் வரவில்லை. காருக்கு டீசல் போட்டேன்.

மாலை மகள் கனியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரும்போது அரிசி மில் வளைவில் நாய் குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். கனி ஸ்கூட்டரில் முன்னால் நின்றிருந்தாள். வாய் ஹேண்டிலில் இடித்துவிட்டது. மேல் வரிசையில் ஒரு முன்பல் விழுந்தது. ரத்தம் வந்தது, பிறகு நின்றுவிட்டது.

அவள் அம்மா செண்பகம் தென்காசியில், வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில் இருந்தாள். போனில் சொன்னேன். பால் பல்தான், பயப்பட வேண்டாம் என்றேன். அடுத்த வீட்டுப் பேச்சியக்காவும் அதையேதான் சொன்னாள். "எட்டு வயசுல எல்லாம் பால் பல்லுதான் தம்பி. இன்னைக்கி விழலன்னா நாளைக்கழிச்சு விழப்போவுது." அவள் தொழுவத்திலிருந்து சாணி எடுத்து வந்தாள். பல்லை அதில் வைத்து உருட்டி ஓட்டுக்கூரை மேல் எறிந்தோம். அப்படி எறிந்தால் புதுப் பல் நேராக முளைக்கும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்.

கனி அழவில்லை. ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள், தின்னவில்லை.

திலகா டீச்சர் நாளை ஏழு மணிக்கு வரலாமா என்று கேட்டிருந்தார். பதில் பாதி அடித்தபடியே கிடந்தது. முழுதாக அடித்து அனுப்பினேன்.


ஜூலை 9, செவ்வாய்

கனியின் உதடு வீங்கியிருக்கிறது. பள்ளிக்கூடம் போகவில்லை. ஸ்கூட்டரைக் கழுவினேன்.


ஜூலை 10, புதன்

பக்கத்துப் பல்லும் ஆடுகிறது என்று செண்பகம் காலையில் கண்டுபிடித்தாள். கடைக்கு லீவு சொல்லிவிட்டாள். நான் இரண்டு வகுப்பைத் தள்ளி வைத்தேன். பாவூர்சத்திரத்திலிருந்து தென்காசிக்கு இருபத்தைந்து நிமிடம். பஸ்ஸில் போனோம்.

பல் டாக்டர் பெயர் நஸ்ரீன். சின்ன வயது. கனியை நாற்காலியில் படுக்க வைத்து விளக்கைப் போட்டு வெகுநேரம் பார்த்தார். படம் எடுத்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, "விழுந்த பல் எங்கே? கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார்.

"இல்லம்மா. கூரை மேல போட்டாச்சு."

அவர் கையுறையைக் கழற்றினார். "அது பால் பல் இல்லைங்க. ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்லு. மேல முன்பல்லு ஆறேழு வயசிலேயே விழுந்து, எட்டுக்குள்ள புதுசு வந்துரும். இது அந்தப் புதுசு."

செண்பகம், "அப்ப இனிமே முளைக்காதா?" என்று கேட்டாள்.

"முளைக்காது."

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் கேட்க வசதியாக இருந்திருக்கும். பாடம் நடத்துவதுபோலச் சொன்னார். விழுந்த பல்லை எடுக்கும்போது வெள்ளைப் பக்கத்தைத்தான் பிடிக்க வேண்டுமாம். வேரைத் தொடக்கூடாது, தேய்க்கக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் தண்ணீரில் லேசாக அலசி, விழுந்த குழியிலேயே திருப்பி வைத்து, ஒரு துணியைக் கடிக்கச் சொல்லிக் கூட்டி வர வேண்டும். "அதுக்குப் பயமா இருந்தா ஒரு டம்ளர் பாலு போதுங்க. அதுல பல்லப் போட்டு அரை மணி நேரத்துல வந்திருந்தா நான் திருப்பி வெச்சுப் பாத்திருப்பேன். ஒட்டியிருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நல்ல வாய்ப்பு இருந்துச்சு. பால் பல்ல அப்படித் திருப்பி வைக்க மாட்டோம். ஆனா அது எதுன்னு நாங்க பாத்துச் சொல்லணும். நீங்களா முடிவு பண்ணக்கூடாது."

ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்து ஒட்டினார். இரண்டு வாரம் இருக்க வேண்டும். அந்தப் பல் பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். நிறம் கறுத்தால் உள்ளே செத்துவிட்டது என்று அர்த்தமாம். விழுந்த இடத்தில் கழற்றி மாட்டுகிற பல் வைக்கலாம். நிரந்தரமாக வைப்பது வளர்ச்சி நின்ற பிறகுதான், பதினெட்டு வயதுக்கு மேல்.

திரும்பும்போது பஸ்ஸில் செண்பகம் கேட்டாள். "கூரையில போடச் சொன்னது யாரு?"

"பேச்சியக்காதான்."

செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கனி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.


ஜூலை 11, வியாழன்

கஞ்சி. கடைந்த பருப்பு. குழைய வடித்த சோறு.


ஜூலை 13, சனி

டெஸ்ட் நாள். ஐந்து பேரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். நாலு பேர் பாஸ். பைக்கில் எட்டு போடும்போது ஒருவர் காலை ஊன்றிவிட்டார்.

பதினோரு வருடமாக முப்பிடாதி டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் காரில் எனக்கும் ஒரு பிரேக் உண்டு. இடது பக்கம், என் காலடியில். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் நான் மிதித்துவிடுவேன். பழக்கம் அப்படியே ஊறிவிட்டது. பஸ்ஸில் போனாலும் ஆட்டோவில் போனாலும் என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். செண்பகம் அதைச் சொல்லிச் சிரிப்பாள். இன்று திரும்பி வரும்போது பார்த்தேன், கால் சும்மா கிடந்தது.


ஜூலை 15, திங்கள்

கனி பள்ளிக்கூடம் போனாள். இனிமேல் ஆட்டோவில்தான் என்று செண்பகம் சொல்லிவிட்டாள். சரி என்றேன்.

செண்பகம் பேச்சியக்காவிடம் பேசுவதில்லை. இன்று காலை அக்கா வழக்கம்போல எருமைப்பால் கொண்டுவந்தாள். செண்பகம் செம்பை வாங்காமல் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டாள். "இனிமே பாக்கெட் பால் வாங்கிக்கிடுதோம். நீங்க சொன்னத நம்பித்தான எம் பிள்ள இப்படி நிக்கா."

அக்கா செம்பைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனாள். போகும்போது என்னைப் பார்த்தாள். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.


ஜூலை 18, வியாழன்

பள்ளிக்கூடத்தில் டீச்சர் எப்படி அடிபட்டது என்று கேட்டாராம். கனி எழுந்து நின்று, "அரிசி மில் வளைவுல நாயி குறுக்க வந்துச்சு, எங்கப்பா பிரேக் போட்டாங்க" என்று சொன்னாளாம். நான் சொல்லிக்கொடுத்தபடியே

நடந்தபடியே சொல்லியிருக்கிறாள்.

பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள். முதலில் வலி என்று நினைத்தேன். வலி இல்லையாம்.


ஜூலை 20, சனி

தெருமுனையில் ஒரு செவலை நாய் உண்டு. யாருடையதும் இல்லை. கனி தினமும் பன்னில் பாதியைப் பிய்த்து அதற்குப் போடுவாள். போன வாரம்வரை போட்டாள்.

பேச்சியக்கா இப்போது அந்த நாயைக் கண்டாலே விறகுக்கட்டையை எடுக்கிறாள். "பிள்ளையோட பல்லத் தின்ன சனியன்" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு விரட்டுகிறாள். எங்கள் வீட்டுக் காதில் விழ வேண்டும் என்றுதான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். தன்னால் முடிந்த பரிகாரம்.

மற்றவர்களும் கல் எறிகிறார்கள். இந்த நாய்தானா என்று டீக்கடையில் என்னிடம் கேட்டார்கள். சரியாகப் பார்க்கவில்லை என்றேன்.


ஜூலை 24, புதன்

கம்பியை எடுத்தார்கள். பல் ஆடவில்லை. ஆனால் கீழ் நுனியில் ஒரு சாம்பல் நிழல் இருப்பதாக எனக்குப் பட்டது. டாக்டருக்கும் பட்டது. குளிர்ந்த பஞ்சை வைத்துக் கூசுகிறதா என்று கேட்டார். கனி தலையை ஆட்டினாள். அது ஆமாவா இல்லையா என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை. இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாம் என்றார்.

"வண்டில முன்னாடி நிக்க வெச்சுதான் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா."

"நெறையப் பேர் அப்படித்தான். பிள்ளைங்களுக்குக் காத்து வாங்கறது பிடிக்கும், நமக்கும் கண் முன்னாடி நிக்குதேன்னு நிம்மதி. ஆனா நீங்க பிரேக் போட்டா உங்களுக்குக் கைப்பிடி இருக்கு, அதுங்களுக்குப் பல்லுதான் முதல்ல போய் இடிக்கும். என்கிட்ட வர்றதுல வண்டி, ஊஞ்சல், அடிபம்புக் கைப்பிடி, ஈரத் தரையில ஓடறது, இதுதான் அதிகம். வாயில பேனாவ வெச்சுக்கிட்டு விழுந்த பிள்ளைங்ககூட வருது. முன்பல்லு தூக்கலா இருக்கற பிள்ளைங்களுக்கு இன்னும் சீக்கிரம் அடிபடும். எல்லாத்தையும் நிறுத்த முடியாது. பாதியை நிறுத்தலாம்."

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். பிறகு மேசை டிராயரிலிருந்து அச்சடித்த தாள் இரண்டு எடுத்துக் கொடுத்தார். "உங்க ஸ்கூல் சுவர்ல ஒட்டுங்க. பெத்தவங்கதானே உங்ககிட்ட ஓட்டக் கத்துக்க வர்றாங்க."


ஜூலை 25, வியாழன்

தாளை ஒட்டினேன். டிராபிக் சின்னங்கள் பலகைக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில். மேலே, "பல் விழுந்தால் பாலில் போடுங்கள், உடனே வாருங்கள்." கீழே, பிள்ளைகளை வண்டியின் முன்னால் நிறுத்தாதீர்கள், பின்னால் உட்கார வைத்து ஹெல்மெட் போடுங்கள் என்று படம். ஒரு மூலை ஒட்டாமல் தூக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை ஒட்டினேன்.


ஜூலை 26, வெள்ளி

திலகா டீச்சர் அந்தத் தாளை முழுதாக வாசித்தார். ரிட்டயர் ஆனவர், எதையும் பாதியில் விடமாட்டார். காரில் ஏறியதும் கேட்டார்.

"மாஸ்டர், உங்க பிள்ளைக்கு என்னைக்கு அடிபட்டுச்சு?"

"எட்டாம் தேதி."

"சாயங்காலமா?"

"ஆமா டீச்சர். அஞ்சு மணி வாக்குல. கண்ணாடியச் சரி பண்ணிக்கிடுங்க."

கண்ணாடியைச் சரிசெய்தார். சீட் பெல்ட்டை இழுத்தார். சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். "எட்டாம் தேதி சாயங்காலந்தான் மறுநாள் ஏழு மணிக்கு வரலாமான்னு உங்களுக்கு மெசேஜ் போட்டேன். நீங்க உடனே பாத்துட்டீங்க. நீங்க எழுதிக்கிட்டு இருக்கீங்கன்னு போன்ல காட்டுச்சு. நானும் பதில் வரும்னு கையில வெச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் நின்னுபோச்சு. ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் பதில் வந்துச்சு."

நான் சாலையைப் பார்த்தேன். ஒரு மாட்டு வண்டி போனது.

"நான் தொந்தரவு பண்ணிட்டேனா மாஸ்டர்?"

"இல்ல டீச்சர். நீங்க கிளட்ச மெதுவா விடுங்க."

இன்றுதான் முதல் தடவையாகக் கண்ணை மூடாமல் விட்டார்.


ஜூலை 28, ஞாயிறு

செவலைக்குப் பின்னங்கால் உடைந்துவிட்டது. யார் அடித்தது என்று தெரியவில்லை. பேச்சியக்கா தான் இல்லை என்கிறாள். மூன்று காலில் நொண்டிக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்து போனது.

கனி மத்தியானம் சாப்பிடவில்லை. பல் வலிக்கிறதா என்று செண்பகம் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு நான் கை கழுவும்போது பின்னாலேயே வந்து நின்றாள்.

"அப்பா, நாயி வந்துச்சுன்னு இன்னும் எத்தன நாளைக்குச் சொல்லணும்?"

குழாயைத் திறந்து விட்டுக் கையை இரண்டாவது தடவை கழுவினேன். அவள் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.


ஜூலை 29, திங்கள்

போன வருடத்து டைரியை எடுத்தேன். ஸ்கூலில் வருடா வருடம் கொடுப்பார்கள், நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை. தேடவே வேண்டியிருக்கவில்லை. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"மார்ச் 19. கனிக்கு மேல் வரிசை வலது முன்பல் விழுந்தது. ஆப்பிள் கடிக்கும்போது. சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிந்தாள். மூன்றாவது தடவைதான் கூரையில் விழுந்தது. செண்பகம் சிரித்து ஓயவில்லை."

"நவம்பர் 2. கனிக்கு அந்தப் பல் முழுசாக வந்துவிட்டது. பெரிய பல். முயல் மாதிரி."

என் கையெழுத்துதான்.


ஜூலை 30, செவ்வாய்

ஜூலை 8ஆம் தேதியை மறுபடி எழுதுகிறேன். அன்றைய பக்கத்தைக் கிழிக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

நாய் வரவில்லை. அரிசி மில் வளைவில் அன்று ஒரு ஈ காக்காய்கூட இல்லை.

போன் சட்டைப் பையில் அதிர்ந்தது. எடுத்தேன். வலது கையில் வண்டி, இடது கையில் போன். திலகா டீச்சர். ஏழு மணிக்கு வரலாமா என்று. கட்டை விரலால் அடித்துக்கொண்டே வந்தேன். கனி முன்னால் நின்று இரண்டு கண்ணாடிக் கம்பிகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது மில்லிலிருந்து உமி மூட்டை ஏற்றிய டிராக்டர் ரோட்டோரமாக நின்றுகொண்டிருந்தது. நகரக்கூட இல்லை. நின்ற வண்டி. ஒரு கையால் பிரேக்கைப் பிடித்தேன். டிராக்டரில் மோதவில்லை, ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டோம். கனியின் பாட்டு மட்டும் நின்றுவிட்டது.

போனில் பார்க்கக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே எல்லோருக்கும் சொல்கிறேன். பதினோரு வருடமாக.

பல் அவள் கையில் விழுந்தது. அவளே எடுத்து என்னிடம் நீட்டினாள். முழுப் பல். வேர் நீளமாக இருந்தது. அதைப் பார்த்தேன். பால் பல்லுக்கு அப்படி வேர் இருக்காது என்பது டாக்டருக்குப் படித்தால்தான் தெரியும் என்றில்லை. போன வருடம் விழுந்ததைக் கையில் வைத்துப் பார்த்தவன் நான்.

வீட்டு வாசலுக்கு வந்ததும்தான் அவளிடம் சொன்னேன். "அம்மா கேட்டா நாயி குறுக்க வந்துச்சுன்னு சொல்லு. சரியா?" வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

பேச்சியக்கா அப்போதுதான் பால் கறந்துவிட்டு எழுந்து வந்தாள். பால் பல்தானே என்று நான்தான் முதலில் கேட்டேன். "பால் பல்லுதானக்கா?" என்று. ஆமாம் என்று சொல்ல வைக்கிற மாதிரிக் கேட்டேன். அவள் அதைத்தான் சொன்னாள். கையில் இருந்த பால் செம்பை எங்கள் படியில் வைத்துவிட்டுச் சாணி எடுக்கப் போனாள்.

அவள் வருவதற்குள் கனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இந்தப் பல்லு ஏற்கெனவே ஒருக்கா விழுந்துட்டுல்லா?"

"சும்மா இரு" என்றேன்.

படியில் செம்பு நிறையப் பால் இருந்தது. நுரை அடங்கவில்லை. மணி ஐந்தேகால். தென்காசி இருபத்தைந்து நிமிடம்.

எறிந்தோம் என்று எழுதியிருக்கிறேன். எறிந்தேன். முதல் தடவையிலேயே கூரையில் விழுந்தது.

ஏன் எறிந்தேன் என்றால், பால் பல் என்று ஆகிவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். அதற்காகத்தான். வேறு காரணம் இல்லை. தேடிப் பார்த்தேன்.

எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.


ஆகஸ்ட் 1, வியாழன்

6.30 திலகா டீச்சர். 7.30 புது ஆள், கணவர் வெளிநாட்டில். 8.30 செய்யது, கடைசி வகுப்பு. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.


ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் ஏணி வைத்துக் கூரை ஏறினேன். ஓடு மாற்றவா என்று செண்பகம் கீழேயிருந்து கேட்டாள். ஆமாம் என்றேன். ஏறி முடித்த பிறகு, இல்லை, பல்லைத் தேடப் போகிறேன் என்றேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். இனி அதைத் தேடி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பாள். அது எனக்கும் தெரியும்.

சாரலில் சாணியெல்லாம் கரைந்து போயிருந்தது. ஓட்டுக்கூரையும் சமையலறைத் தகரமும் சேரும் இடத்தில் மழைத் தண்ணீர் ஓட ஒரு தகரக் காடி உண்டு. இலையும் மண்ணும் அடைத்துக் கிடந்தது. கையால் அள்ளி அள்ளிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். முதலில் கிடைத்தது சின்னது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. வேர் இல்லை, அடியில் குழிந்து கிடந்தது. அது போன வருடத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே தேடினேன். இன்னொன்றும் கிடைத்தது.

இறங்கி வந்து இரண்டையும் துண்டில் துடைத்துச் செண்பகத்தின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது என்ன ரெண்டு?"

"சின்னது போன வருசம் மார்ச்ல விழுந்தது. அது பால் பல்லு. பெருசு இப்ப விழுந்தது. ரெண்டும் ஒரே எடத்துப் பல்லு."

போன வருடம் விழுந்தது எந்தப் பல் என்று அவள் மறந்திருந்தாள் போல, பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் மூளை வேகமானது. கணக்காக ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"ஆமா."

"தெரிஞ்சுக்கிட்டே பேச்சியக்கா மேல போட்டிய."

"ஆமா."

"நாயி?"

"நாயி வரல. நான் போன் பாத்துக்கிட்டே ஓட்டுனேன்."

"அவகிட்ட நாயின்னு சொல்லச் சொன்னிய."

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். இரண்டு பல்லையும் சாமி படத்துக்குக் கீழே இருந்த திருநீற்றுக் கிண்ணத்தில் போட்டாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். தோசை ஊற்றினாள். எனக்கும் இரண்டு வைத்தாள். தட்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தின்றேன். என்ன சட்னி என்று இப்போது நினைவில் இல்லை.


ஆகஸ்ட் 5, திங்கள்

செண்பகம் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "எங்கிட்டச் சொன்னது போதாது."


ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாலை வகுப்பை ரத்து செய்தேன். கனியை நானே பள்ளிக்கூடத்தில் போய்க் கூட்டி வந்தேன். பின்னால் உட்கார வைத்து, அவள் அளவுக்கு வாங்கின ஹெல்மெட்டைப் போட்டுவிட்டு. போன் சீட்டுக்கு அடியில், பெட்டிக்குள். அரிசி மில் வளைவு வந்ததும் என் இடுப்பைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது. வளைவு தாண்டியதும் தளர்ந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. பேச்சியக்கா வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினேன்.

அக்கா தொழுவத்தில் பால் கறந்து முடித்து எழுந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் செம்பு. எங்களுக்குப் பின்னாலேயே செவலை நொண்டிக்கொண்டு வந்துவிட்டது போலிருக்கிறது. அதைப் பார்த்ததும் அவள் மற்றொரு கையால் சுவரில் சாத்தியிருந்த விறகுக்கட்டையை எடுத்தாள்.

"அக்கா, அத அடிக்காதிய" என்றேன். "அன்னைக்கி..."

அவ்வளவுதான் வந்தது. பதினோரு வருடமாகத் தினமும் பத்துப் பேருக்கு வாய் ஓயாமல் சொல்லிக்கொடுக்கிறவன். அடுத்த வார்த்தை வரவில்லை. அக்கா கட்டையைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

கனி ஹெல்மெட்டைக் கழற்றினாள். என்னை ஒரு தடவை பார்த்தாள், கேட்கிற மாதிரி. நான் தலையாட்டினேன். வாயிலிருந்த கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"பெரியம்மா, நாயி வரவே இல்ல. அப்பா போன் பாத்துக்கிட்டே ஓட்டுனாங்க. அது பால் பல்லும் இல்ல. நான் அன்னைக்கே சொன்னேன். அப்பா சும்மா இருன்னுட்டாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். "அப்படியாய்யா?"

"ஆமாக்கா. நீங்க சொன்னதால நான் எறியல. எனக்குத் தெரியும். உங்க தலையில போட்டுட்டேன். என்ன மன்னிச்சிருங்க."

அவள் கட்டையைச் சுவரில் சாத்தினாள். பால் செம்பைக் கீழே வைத்தாள். பக்கத்தில் அவளும் மெதுவாக உட்கார்ந்தாள். வெகுநேரம் செம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசமா நான் சரியா ஒறங்கலய்யா" என்றாள். "கையில பால வெச்சுக்கிட்டு நின்னேனேன்னு. பால்ல போட்டிருந்தாப் பொழச்சிருக்கும்னு ஊரெல்லாம் சொல்லுது. கறக்க உக்காரும்போதெல்லாம் அதேதான்."

கனி அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். செவலை தூரத்திலேயே நின்றது, கிட்டே வரவில்லை.

அக்கா கனியின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "காட்டு, பாப்பம்" என்றாள். கனி வாயைத் திறந்து காட்டினாள். காலி இடத்தையும், அதற்குப் பக்கத்தில் சாம்பல் பூத்து நிற்கிற பல்லையும் அக்கா குனிந்து பார்த்தாள். வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் கனி. எப்படி நடந்தது என்று அக்கா மறுபடி ஒரு தடவை கேட்டாள். கனி முதலிலிருந்து சொன்னாள், டிராக்டர், பாட்டு, போன், எல்லாவற்றையும், வாயை மூடிக்கொள்ளாமல். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.